பனியில் ஓட்டும் ரிமோட் ட்ரக்: விற்பவர் அறிய வேண்டியவை

நத்தார் விற்பனை முடிந்து கணக்குப் பார்க்க உட்காரும் வேளையில், விளையாட்டுச் சாமான்களும் இலத்திரனியல் பொருட்களும் விற்கும் எமது அங்கத்தவர்கள் வாயில் வருடந்தோறும் வரும் முறைப்பாடு ஒன்றுண்டு. டிசம்பர் 24ஆம் திகதி மாலை வரை அடுக்கில் நிற்காமல் பறந்து போன ரிமோட் கொன்ட்ரோல் ட்ரக்குகளில் சில, 26ஆம் திகதி காலையில் பெட்டி கிழிந்து, சில்லுகளில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கடைக்குத் திரும்பி வருகின்றன என்பதே அது. ரொறன்ரோவிலும் சுற்றுப்புற நகரங்களிலும் கடை வைத்திருப்போருக்கு இது புதிய கதையல்ல.

எமது கடையிலும் இது நடந்தது. ஒரு தகப்பன் தன் எட்டு வயது மகனையும் ட்ரக்கையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "அண்ணை, பெட்டியிலை வோட்டர்ப்ரூஃப் எண்டு போட்டிருக்குத்தானே? அரை மணித்தியாலம்கூட ஓடேல்லை" என்றார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம்; போட்டுத்தான் இருந்தது. மறு பேச்சில்லாமல் காசைத் திருப்பிக் கொடுத்தோம். அதே ட்ரக்கை மொத்த வியாபாரியிடம் அனுப்பியபோது, "தண்ணீரால் வந்த பழுதுக்கு உத்தரவாதம் இல்லை" என்ற ஒரு வரி பதிலோடு திரும்பி வந்தது. வாடிக்கையாளரும் நியாயத்தைத்தான் கேட்டார், மொத்த வியாபாரியும் தன் ஒப்பந்தத்தைத்தான் காட்டினார். நட்டம் நடுவில் நின்ற எமக்கு. அந்தப் பருவத்தில் அப்படி நான்கு ட்ரக்குகள் திரும்பின. அதன் பிறகுதான், விற்கும் பொருளின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று திருப்புளியை எடுத்துக் கழற்றிப் பார்க்கத் தொடங்கினோம். அப்படிக் கற்றதையே இங்கு எழுதுகின்றோம்.

முதலில் அந்த ஒரு சொல்லைப் பார்ப்போம். 'வோட்டர்ப்ரூஃப்' என்பது தனியே நின்றால் ஓர் அளவும் சொல்லாத சொல். அளவு சொல்வது ஐ.இ.சி. 60529 என்னும் சர்வதேசத் தரம். அதன்படி ஐ.பி.எக்ஸ்.4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், ஐ.பி.எக்ஸ்.7 என்றால் 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும். இந்தச் சோதனைகளெல்லாம் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. உப்புக் கரைந்த சேற்றுப் பனியில் அல்ல. பெட்டியில் எண் எதுவும் இல்லாமல் சொல் மட்டும் இருந்தால், மேல்மூடியில் இரண்டு துளி பட்டால் பழுதாகாது என்பதற்கு மேல் நாம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. கொள்வனவு செய்யும்போதே மொத்த வியாபாரியிடம் "எண் என்ன?" என்று கேட்பது நல்லது. பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே ஒரு பதில்.

அடுத்தது பனி. பனியும் தண்ணீரும் ஒன்றல்ல என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பூச்சியப் பாகைக்கு நன்றாகக் கீழே போன கடுங்குளிரில் விழும் பனி காய்ந்த மாவைப் போன்றது. தட்டினால் உதிர்ந்து போகும். வினிப்பெக்கிலும் எட்மன்ரனிலும் இத்தகைய பனி அதிகம். ரொறன்ரோவிலோ குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியப் பாகைக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே எமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஈரப்பனி. அதோடு தெருவில் கொட்டும் உப்பும் சேர்ந்த கரைசல். ட்ரக்குக்கு எது பொல்லாதது என்று கேட்டால் கடுங்குளிரை விட இந்த ஈரந்தான் என்போம். சுத்தமான தண்ணீரை விட உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். செம்பையும் உருக்கையும் அரிக்கும். வீட்டு முற்றத்துப் புதுப் பனியில் ஓட்டுங்கள், வாகனம் நிற்கும் டிரைவ்வேயில் ஓட்டாதீர்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் ஒரு வசனம் பல ட்ரக்குகளின் உயிரைக் காக்கும்.

இன்னொன்று, காய்ந்த பனியும் காய்ந்தபடியே இருப்பதில்லை. ஓடும்போது மோட்டாரும் ஈ.எஸ்.சி. என்னும் வேகக் கட்டுப்படுத்தியும் சூடாகும். அவற்றின்மேல் படிந்த பனி உருகித் தண்ணீராகும். ட்ரக்கைச் சிறிது நேரம் நிறுத்தினால் அந்தத் தண்ணீர் மறுபடி உறையும். சில்லைத் திருப்பும் சேர்வோவின் தண்டில் அப்படி உறைந்து நிற்கும்போது ரிமோட்டைப் பலமாகத் திருப்பினால் உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரம் உடையும். திரும்பி வரும் ட்ரக்குகளில் 'ஓடுகிறது, ஆனால் திரும்பவில்லை' என்று வருபவற்றுக்கு அடிக்கடி இதுவே காரணம்.

சந்தையில் உள்ளவை இரண்டு வகை. ஒன்று, விளையாட்டுச் சாமான் வகை. இதில் ரேடியோ வாங்கியும் வேகக் கட்டுப்படுத்தியும் ஒரே சிறு சேர்க்கிட் பலகையில் இருக்கும். பழுதானால் பாகம் கிடைக்காது. மற்றது ஹொபி வகை. ரிசீவர், ஈ.எஸ்.சி., சேர்வோ, மோட்டார் ஒவ்வொன்றும் தனித்தனி, ஒவ்வொன்றையும் மாற்றலாம். டெக்சாஸ் மாநிலத்தின் ட்ராக்சாஸ் நிறுவனத்தின் ஸ்லாஷ், ஸ்டாம்பீட் போன்ற ட்ரக்குகள், ஈரம் தாங்கும் மின் பாகங்களோடும், றப்பர் அடைப்பு வைத்த ரிசீவர் பெட்டியோடும் வருபவை. அவற்றின் கையேட்டைப் படித்துப் பார்க்கும் கடைக்காரர் மிகக் குறைவு. படித்தால், ஈரத்தில் ஓட்டினால் மோட்டாரின் ஆயுள் குறையும், ஓட்டியபின் செய்ய வேண்டிய பராமரிப்பு இன்னின்னது, கையில் பிடிக்கும் ரிமோட்டை நனைய விடக்கூடாது என்றெல்லாம் அதில் எழுதியிருப்பதைக் காணலாம். 'வோட்டர்ப்ரூஃப்' என்று வெளியே போட்டவர்களே உள்ளே எத்தனை நிபந்தனை வைத்திருக்கிறார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

இனி, அடைப்பு இல்லாமல் வரும் ட்ரக்கை எப்படிப் பனிக்குத் தயார் செய்வது என்பது. இங்கே எமது சொந்தத் தவறொன்றையும் சொல்லியாக வேண்டும். முதல் வருடம், குளியலறை மூலைகளை அடைக்கும் சாதாரண சிலிக்கோனை வாங்கி, ஐந்தாறு ட்ரக்குகளின் சேர்க்கிட் பலகைமேல் தாராளமாகப் பூசினோம். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு கிழமைக்குள் இரண்டு ட்ரக்குகள் தண்ணீரைக் காணாமலே நின்றுவிட்டன. பிரித்தால் செம்புக் கம்பிகளில் பச்சை பூத்திருந்தது. பூசும்போது வினாகிரி மணம் வீசும் சிலிக்கோன், காயும்வேளையில் அசெற்றிக் அமிலத்தை விடும். அது செம்பை அரித்துவிடும். மின் வேலைக்கு வேண்டியது மணமற்ற, 'நியூட்ரல் கியூர்' என்று குழாயில் எழுதியிருக்கும் வகை. விலை கொஞ்சம் கூட. ஹார்ட்வெயார் விற்கும் அங்கத்தவர்கள் இந்த இரண்டையும் ஒரே தட்டில் அடுக்காமல் இருந்தால் பலருக்கு உபகாரமாக இருக்கும்.

பலகைக்குச் சிலிக்கோனைவிடச் சிறந்தது, 'கொன்ஃபோர்மல் கோட்டிங்' என்னும் மெல்லிய பூச்சு. தெளிக்கும் டப்பாவாகவும் தூரிகை வைத்த சிறு போத்தலாகவும் வருகிறது. பலகையை வெளியே எடுத்து, அழுக்கும் ஈரமும் இல்லாமல் துடைத்து, ஆளியையும் பொருத்துவாய்களையும் டேப்பால் மூடி, மெல்லிதாக ஒரு தடவை பூசிக் காயவிட்டு மறு தடவை பூச வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காய விடுவது உத்தமம். பொருத்துவாய்க்குள் பூச்சு போனால் அதன் பின் மின்சாரம் ஓடாது. ஈ.எஸ்.சி.யின் அலுமினியச் சூடுதணிப்பான்மேல் எதையும் பூசக் கூடாது. அது மூச்சுவிடும் இடம். அதன்மேல் சிறு காற்றாடி இருந்தால், பலவற்றில் அக்காற்றாடி ஈரம் தாங்காதது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் அதைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்து ஓட்டுபவர்களும் உளர்.

ரிசீவருக்குப் பழைய கைவைத்தியம் ஒன்றிருக்கிறது: பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டிவிடுவது. அவசரத்துக்குச் சரி. ஆனால் ஒரு துளி உள்ளே போய்விட்டால் வெளியே வர வழியில்லை. நாமே ஈரத்தைக் கட்டி வைத்ததாக முடியும். றப்பர் வளையம் வைத்த பெட்டிதான் நல்லது. வளையத்திலும் கம்பிகள் வெளியேறும் பள்ளத்திலும் சிலிக்கோன் கிறீஸ் தடவ வேண்டும். தண்ணீர்க் குழாய் வேலைக்காரர் பாவிக்கும் சிலிக்கோன் கிறீஸே போதும். வாசலின் பூசலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், பெற்றோலியத்தில் இருந்து வரும் பூச்சு சிலவகை றப்பரை ஊதச் செய்யும். அன்டெனாக் கம்பியை உள்ளே சுருட்டி அடைப்பதும், நீளம் கூடிவிட்டதென்று வெட்டுவதும் பிழை. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை தண்ணீரில் வலுவிழக்கும். கம்பி நுனி குழாய்க்குள் நிமிர்ந்து, பனிக்கு மேலே நிற்க வேண்டும்.

சேர்வோவின் அடிமூடியில் பொதுவாக நான்கு திருகாணிகள் இருக்கும். அவற்றைக் கழற்றி மூடியின் விளிம்பில் நியூட்ரல் சிலிக்கோனை மெல்லிய கோடாக இட்டு மூடலாம். மேலே தண்டு வெளிவரும் இடத்தில் பொருத்தமான சிறு றப்பர் வளையமும் கிறீசும். இது பொறுமை வேண்டிய வேலை. கடைக்காரருக்கு நேரமில்லை என்றால், ஈரம் தாங்கும் சேர்வோவை வைத்திருந்து விற்றுவிடுவதே இலாபம்.

மோட்டாரை அடைக்க முயல வேண்டாம். கரித்துண்டு வைத்த பிரஷ் மோட்டார் தண்ணீரில் நனைந்தாலும் ஓடும். பிரஷ் இல்லாத மோட்டார்களில் சென்சர் வைக்காதவை இன்னும் துணிவானவை. சென்சர் பலகை உள்ளே இருக்கும் வகையைப் பனிக்கு விற்காமல் இருப்பது நன்று. மோட்டாரைக் கெடுப்பது தண்ணீரைவிட, ஓட்டி முடிந்தபின் உள்ளே தங்கும் ஈரம். தண்டின் இரு முனையிலும் உள்ள பேரிங் துருப்பிடித்து இறுகும். சில்லுகளின் பேரிங்குகளும் அப்படியே. இரும்புத் தட்டு மூடியவற்றுக்குப் பதில் றப்பர் மூடி வைத்த பேரிங்குகளைப் போட்டால் ஒரு பருவமாவது தாங்கும். சிறு பெட்டியில் பத்துப் பதினைந்தாக வரும் இந்த பேரிங்குகள், கிறீஸ், பூச்சுப் போத்தல் ஆகிய மூன்றையும் ட்ரக் அடுக்கின் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். ட்ரக்கில் விலைப்போட்டி அதிகம், இவற்றில் இல்லை.

பற்றரி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காரணம், பழுதில்லாத ட்ரக் பழுதென்று திரும்பி வருவது இதனால்தான். குளிரில் எந்தப் பற்றரியும் சோரும். லிதியம் பொலிமர் பற்றரியின் உள் தடை குளிரில் ஏறும். வேகத்தை அழுத்தியதும் வோல்ற்றேஜ் சட்டென்று விழும். கல அறை ஒன்றுக்கு 3 வோல்ற்றளவில் ஈ.எஸ்.சி. தானாகவே மோட்டாரை நிறுத்திவிடும். பற்றரியைக் காக்கவே அந்த ஏற்பாடு. வீட்டுக்குள் இருபது நிமிடம் ஓடிய ட்ரக் வெளியே ஏழெட்டு நிமிடத்தில் நின்றால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்? கடைக்காரன் பழைய சாமானைத் தந்துவிட்டான் என்றுதான். விற்கும்போதே, பற்றரியைச் சட்டைப் பைக்குள் வைத்துச் சூட்டோடு வெளியே கொண்டுபோங்கள், போடும் கணம் வரை பையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட வேண்டும். இரண்டாவது பற்றரியும் இதைச் சொன்னால் தானாகவே விற்கும்.

சாதாரண 'ஏஏ' பற்றரியில் ஓடும் சிறுவர் ட்ரக்குகளுக்கு, அல்கலைன் குளிரில் மெலியும். ஒருமுறை பாவிக்கும் லிதியம் 'ஏஏ' வகை கடுங்குளிரிலும் நின்று கொடுக்கும். விலை அதிகமானாலும் காரணம் சொன்னால் வாங்குவார்கள்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கின்றோம். லிதியம் பற்றரியைப் பூச்சியப் பாகைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. குளிர்ந்த நிலையில் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லிதியம் உலோகமாகப் படிந்து, பின்னர் உட்குறுக்கு மின்சுற்றுக்கும் தீக்கும் வழி செய்யும். வெளியிலிருந்து வந்த பற்றரியை அறைச் சூட்டுக்கு வரவிட்டு, உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து, உப்பிப் போனதைப் பாவிக்காமல் ஒதுக்கி, பக்கத்தில் ஆள் இருக்கும்போதே சார்ஜ் போட வேண்டும். கராஜில் போட்டுவிட்டு நித்திரைக்குப் போகும் பழக்கம் எமது வீடுகளில் உண்டு. அதை நாமே வாய்விட்டுத் தடுக்க வேண்டும். இதில் கடைக்காரருக்குச் சட்டக் கடமையும் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கனடா நுகர்வோர் பொருட் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்ற பொருளால் ஒருவருக்குப் பாரிய தீங்கு நேர்ந்தது, அல்லது நேரக்கூடியதாக இருந்தது என்று அறிய வந்தால் 2 நாட்களுக்குள் ஹெல்த் கனடாவுக்கு அறிவிக்க வேண்டும். பொருளை யாரிடம் வாங்கினோம் என்ற பத்திரங்களை 6 வருடம் வைத்திருக்கவும் வேண்டும். வான் கதவைத் திறந்து காசுக்கு விற்கும் ஆளிடம் ரசீதில்லாமல் பற்றரி வாங்குவது இதனால்தான் ஆபத்து.

சில்லு, பற்சக்கரம் பற்றி ஒரு சொல். ஆழப் பனியில் மோட்டார் படும் பாரம் மிக அதிகம். மோட்டார்த் தண்டில் உள்ள சிறு பற்சக்கரத்தைப் பல் குறைந்ததாக மாற்றினால் வேகம் குறைந்து சூடும் குறையும். துடுப்புப் போல வரி வைத்த டயர் மாப்பனியில் நன்றாக இழுக்கும். ஐஸ்மேல் அது உதவாது. பிளாஸ்டிக் கைகள் குளிரில் முறிவதைப் பற்றியும் கேட்பார்கள். நைலோன் காய்ந்தால் நொறுங்கும், ஈரம் குடித்தால் இளகும். அதனால் ஹொபிக்காரர்கள் புதுப் பாகங்களைச் சிறிது நேரம் கொதிதண்ணீரில் போட்டெடுக்கும் வழக்கம் உண்டு. எமக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. செய்து பார்த்தபின் சிரிக்கவில்லை.

ஓட்டி முடிந்தபின் செய்வதுதான் பாதிச் சிகிச்சை. பனி படிந்த ட்ரக்கை நேரே சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால், வெளியே உள்ளது உருகுவது மட்டுமல்ல, குளிர்ந்த பாகங்களின்மேல் வீட்டுக் காற்றின் ஈரமும் வியர்த்துப் படியும். அடைத்த பெட்டிக்குள்ளும் படியலாம். கண்ணாடி போட்டவர்கள் குளிரிலிருந்து கடைக்குள் நுழைந்ததும் நடப்பதுதான் இது. ஆகவே வெளியே வைத்தே தூரிகையால் பனியைத் தட்டி, பற்றரியைக் கழற்றி, பிறகு உள்ளே கொண்டுவந்து, மேல்மூடியையும் ரிசீவர் பெட்டியின் மூடியையும் திறந்து ஓர் இரவு உலர விட வேண்டும். டயருக்குள் உள்ள பஞ்சு தண்ணீரைக் குடித்திருக்கும். துளை வழியே பிழிந்தெடுக்க வேண்டும். மோட்டாருக்கும் பேரிங்குகளுக்கும் ஈரம் விரட்டும் எண்ணெயைத் தெளித்து, அது வற்றியபின் இலேசான பேரிங் எண்ணெய் ஒரு துளி விட வேண்டும். உப்புத் தெருவில் ஓடியிருந்தால் முதலில் ஈரத்துணியால் உப்பைத் துடைத்துவிட்டே மற்றவை.

இவற்றைச் சொல்லி விற்பதில் இன்னொரு பக்கமும் உண்டு. ஒன்ராறியோவின் பொருள் விற்பனைச் சட்டப்படி, வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி எமது அறிவை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்கு ஏற்றதாக இருக்கும் என்பது ஒப்பந்தத்திலேயே அடங்கிய நிபந்தனையாகக் கொள்ளப்படும். "பிள்ளை பனியில் ஓட்டப் போகிறான்" என்று அவர் சொன்னபின் "ஓம், ஓம், ஒண்டும் ஆகாது" என்று தலையாட்டிவிட்டுப் பெட்டியைக் கட்டிக் கொடுத்தால், பிறகு மொத்த வியாபாரியின் ஒரு வரிப் பதிலைக் காட்டித் தப்புவது கடினம். மறுபுறம், நாம் ட்ரக்கைப் பிரித்துப் பூச்சுப் பூசிக் கொடுத்தால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் போய்விடலாம். அதையும் முன்கூட்டியே சொல்லி, பில்லில் எழுதி, கையொப்பம் வாங்க வேண்டும். எமது கடையில் இப்போது பில்லின் அடியில் ஒரு வரி அடித்துக் கொடுக்கின்றோம்: பனியும் தெறிக்கும் தண்ணீரும் தாங்கும்; மூழ்கடிக்கக் கூடாது; உப்புத் தெருவில் ஓட்டக் கூடாது.

அடைத்த வேலை சரியா என்று பார்க்க நாம் செய்யும் சோதனை செலவில்லாதது. ரிசீவர் பெட்டிக்குள் ரிசீவருக்குப் பதிலாக மடித்த டிஷ்யூத் துண்டொன்றை வைத்து, கம்பிகள் வெளியேறும் இடத்தில் அதே தடிப்புள்ள பழைய கம்பித் துண்டுகளை விட்டு, கிறீஸ் தடவி மூடி, ஒரு பேசின் தண்ணீருக்குள் பத்து நிமிடம் அமிழ்த்தி வைப்போம். வெளியே எடுத்துத் துடைத்துத் திறந்தால் டிஷ்யூ காய்ந்திருக்க வேண்டும். ஒரு மூலையாவது நனைந்திருந்தால் வளையத்தைக் கழற்றி மறுபடி முதலில் இருந்து. சனிக்கிழமைகளில் இதைக் கடை மேசையில் வைத்தே செய்கின்றோம். பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். டிஷ்யூவைத் தொட்டுப் பார்க்க முதலில் கை நீட்டுவது பெரும்பாலும் தகப்பன்மார்தான்.